மரணசாசனமும் கல்விச்சாலையும்
(வரலாறு தரும் சில படிப்பினைகள்)

கால் நூற்றாண்டை நிறைவு செய்யும் ஒரு கல்விச் சங்கம் தன் பழைய கணக்கேடுகளைப் புரட்டிப் பார்க்குமாயின், மாதச் சந்தா, விழாக்கால நன்கொடை, திருமண வீட்டில் அளிக்கப்பட்ட சிறு தொகை, போனஸ் நாளில் திரட்டிய பணம் ஆகியவற்றையே அங்கு மிகுதியாகக் காணும். உழைக்கும் மக்கள் தம் வாழ்நாளில், கையில் காசு இருந்த நாளில், மனமுவந்து அளித்தவை அவை. அவற்றின் அருமையைக் குறைத்துக் கூறுவார் எவருமிலர். எனினும் அவ்வேட்டில் ஒரு பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். ஒருவர் தம் காலத்திற்குப் பின் தம் உடைமையில் ஒரு பங்கு பள்ளிக்குச் சேரவேண்டும் என்று முறைப்படி எழுதி வைத்த கொடை என்னும் பகுதியே அது.

"எழுதி வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. நூற்றாண்டுகளாக நிலம் மறுக்கப்பட்ட ஒரு சமுதாயத்தின் வாயிலிருந்து இக்கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் கேள்வி நியாயமானது என்பதனால் அதற்கு விடை இல்லை என்று ஆகிவிடாது. உயிலினால் பள்ளிகள் வாழ்ந்த கதையையும், உயில் இருந்தும் பள்ளிகள் பயன்பெறாத கதையையும், உயிலினால் எழுந்த பள்ளியே நம் பிள்ளைகளுக்குக் கதவடைத்த கதையையும் இப்பட்டினத்தின் வரலாறு தன்னுள் கொண்டிருக்கிறது. அவற்றை நம் இளைஞர் அறிதல் நலம் என்னும் கருத்தினால் இக்கட்டுரை வரையப்படுகின்றது.

கையொப்பமிடாத உயில்

இராயபுரத்திற்குத் தெற்கே நிற்கும் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக வீற்றிருந்தவர் எலிகு யேல் என்னும் ஆங்கிலேயர். துறைமுகம் கட்டப்படாத காலம் அது. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளே சரக்கையும் மனிதரையும் அலைமேல் ஏற்றிச் சென்றன. துணியும் வைரமும் இக்கரையிலிருந்து சென்றது போலவே, அவர் காலத்தில் அடிமைகளாக விற்கப்பட்ட மனிதரும் இக்கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். இவ்வணிகத்தின் நடுவே பெருஞ்செல்வம் சேர்த்த யேல், பின்னர் இலண்டன் சென்று வாழ்ந்தார்.

அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் அந்நாளில் வளர்ந்து வந்த ஒரு சிறிய கல்லூரிக்கு 1718இல் அவர் ஒன்பது பொதி சரக்குகளையும், 417 நூல்களையும், அரசரின் உருவப்படம் ஒன்றையும் அனுப்பினார். சரக்குகளை விற்றதில் ஏறத்தாழ 562 பவுன் கிடைத்தது. நன்றியறிதலாகக் கல்லூரிக்கு அவர் பெயர் இடப்பட்டது. உலகப் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் அதன் வழி வந்ததே.

ஆயின் நாம் ஈண்டு கருதவேண்டுவது அதன் பின் நிகழ்ந்தது. யேல் 1721இல் மறைந்தபோது, அக்கல்லூரிக்கு மேலும் 500 பவுன் அளிக்கும் கருத்துடன் அவர் எழுதத் தொடங்கிய உயில் ஒன்று இருந்தது. அது முற்றுப்பெறவில்லை, கையொப்பமும் இடப்படவில்லை. கல்லூரியின் சார்பில் முயற்சிகள் நடந்தும் அந்த 500 பவுனில் ஒரு காசும் வந்து சேரவில்லை. பெரும் ஆளுநராயினும், பல மொழிகளில் கடிதம் எழுதுவிக்கும் வசதி படைத்தவராயினும், கையொப்பமிடாத காகிதம் வெறும் காகிதமே. மனத்தில் உள்ள எண்ணம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இது முதற் படிப்பினை.

பச்சையப்பரின் மரணசாசனம்

இரண்டாவது கதை நமக்கு இன்னும் அணிமையில் நிகழ்ந்தது. 1754இல் பெரியபாளையத்தில் பிறந்தவர் பச்சையப்ப முதலியார். அவர் பிறக்கும் முன்பே தந்தை இறந்தார். வறுமையில் வளர்ந்த அவரைப் பவுனி நாராயண பிள்ளை என்னும் துபாஷி ஆதரித்து, ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார். அக்கல்வியின் துணையால் அவரும் துபாஷியாகி, தஞ்சைச் சீமையின் வரிப்பண விவகாரங்களில் பெரும்பொருள் ஈட்டினார். 1794ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் தம் மரணசாசனத்தை எழுதுவித்தார். அம்மாதம் 31ஆம் நாள் திருவையாற்றில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதே.

அவ்வுயிலில் சிவாலயத் திருப்பணிகளுக்கும் அறங்களுக்கும் தம் பொருளை அவர் ஒதுக்கியிருந்தார். உயில் முறைப்படி எழுதப்பட்டிருந்தது. நம்பிக்கைக்குரியவரிடம் ஒப்படைக்கவும் பட்டது. எனினும் அவர் மறைந்த பின் உறவினரும் சொத்தைக் கையில் வைத்திருந்தோரும் வழக்காடினர். வழக்கு நீதிமன்றத்தில் பல பத்தாண்டுகள் நீண்டது. இறுதியில் அரசுத் தலைமை வழக்கறிஞர்களாகிய ஆங்கிலேயர் தலையிட்டு, நீதிமன்றத்தின் வழியாக அப்பொருளை மீட்டனர். உயிலில் கூறிய சமயக் கட்டளைகளுக்கு உரியதை ஒதுக்கிய பின்பும், ஆண்டாண்டாக வட்டி சேர்ந்து நான்கு இலட்சம் ரூபாய்க்கு மேல் எஞ்சி நின்றது. அதனைக் கல்விக்குச் செலவிடலாம் என்னும் திட்டம் நீதிமன்ற ஒப்புதலுடன் வகுக்கப்பட்டது. தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் இதில் பெரும்பங்கு ஆற்றினார்.

அதன் பயனாக 1842ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், பாப்பம்ஸ் பிராட்வேயில் பச்சையப்பர் பெயரால் பள்ளி திறக்கப்பட்டது. பின்னர்ச் சைனா பஜாரில் கிரேக்கக் கோயில் ஒன்றின் சாயலில் பச்சையப்பன் மண்டபம் எழுந்தது. 1846இல் அடிக்கல் நாட்டி 1850இல் முடிக்கப்பட்டது. 1889இல் அது கல்லூரியாயிற்று. 1940இல் கல்லூரி சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்தது.

கணக்கிட்டுப் பாருங்கள். உயில் எழுதியவர் இறந்தது 1794இல்; பள்ளி திறந்தது 1842இல். இடைப்பட்ட காலம் 48 ஆண்டுகள். இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அக்கல்வியை இழந்தனர். யாரிடம் ஒப்படைப்பது, அவர் மறைந்தால் அடுத்தவர் யார், கணக்கை யார் பார்வையிடுவது என்பவை தெளிவாக அமையாத கொடை எத்துணைப் பெரிதாயினும் வழக்குமன்றத்தின் வாயிலில் கிடந்து காயும். இஃது இரண்டாவது படிப்பினை.

திறந்த பள்ளியும் அடைத்த கதவும்

மூன்றாவது படிப்பினை நம் நெஞ்சை நேரே தொடுவது. அப்பள்ளி எழுந்த இடம் இராயபுரத்திலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் நடந்து செல்லும் தொலைவே. அதன் வாயிலைக் கடந்து மூட்டை சுமந்தவர் நம்மவர்; அவ்வீதியைக் கூட்டித் துப்புரவு செய்தவர் நம்மவர். ஆயினும் பச்சையப்பர் நிறுவனங்கள் இந்துக்களுக்கு மட்டுமே உரியவை என்னும் விதியுடன் நடைபெற்றன. 1947இல்தான் எல்லாச் சமயத்தாருக்கும் அவை திறக்கப்பட்டன. இந்துக்கள் என்று சொல்லப்பட்டபோதும், அச்சொல்லினுள் நம் பிள்ளைகள் நெடுங்காலம் அடக்கப்படவில்லை. 1920கள் வரையிலும் ஆதிதிராவிட மாணவருக்கு அங்கு இடம் மறுக்கப்பட்டு, அதனை எதிர்த்து நம் தலைவர்கள் குரல் எழுப்ப வேண்டியிருந்தது.

பச்சையப்பரை இதற்காகப் பழிப்பது நம் நோக்கமன்று.  வறியவராய்ப் பிறந்து கல்வியால் உயர்ந்த அவர், உயிரோடு இருந்திருந்தால் என்ன விரும்பியிருப்பார் என்று எவரும் அறுதியிட்டுக் கூறவியலாது. கருதத்தக்கது வேறு. கொடுத்தவர் யாருக்கு என்று தெளிவாகச் சொல்லாதபோது, அந்தந்தக் காலத்தில் நிருவாகத்தில் இருப்போரின் மனப்பான்மையே விதியாகிவிடுகிறது. "ஏழை மாணவர்" என்று மட்டும் எழுதினால், எந்த ஏழை என்பதைப் பிறர் தீர்மானிப்பர். "தாய் தந்தையருள் எவரும் பள்ளி இறுதி வகுப்பை எட்டாத குடும்பத்துப் பெண் பிள்ளை" என்று எழுதினால், வாயிற்காவலனும் அதை மாற்றவியலாது. உயிலில் ஒரு சொல்லைத் தேர்ந்து எழுதுவது பிற்காலத்தில் ஒரு பிள்ளைக்குக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

சுதந்தர இந்தியாவின் அரசியலமைப்பு 17ஆம் விதியால் தீண்டாமையை ஒழித்தது. அரசு நடத்தும் பள்ளியிலோ அரசு நிதியுதவி பெறும் பள்ளியிலோ சாதி காரணமாக எவருக்கும் இடம் மறுத்தல் ஆகாது என்று 29ஆம் விதியின் இரண்டாம் பிரிவு விதித்தது. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைந்த அச்சட்டம், பழைய அறக்கட்டளைகள் பலவற்றின் கதவுகளையும் நம்முன் திறந்துவிட்டது.

நம்மவர் கண்ட பள்ளிகள்

கதவடைக்கப்பட்ட அக்காலத்தில் நம்மவர் கைகட்டி நிற்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா முதலியோர் கல்வியையே முதற்கோரிக்கையாக வைத்தனர். கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றுப் பகுதியில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதனைத் தொடர்ந்து வேறு சில பள்ளிகளும் எழுந்தன. 1898இல் அயோத்திதாசர் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவியதையும், 1907இல் "ஒரு பைசாத் தமிழன்" என்னும் இதழைத் தொடங்கியதையும் நாம் அறிவோம். ஓர் இதழின் விலை ஒரு பைசா என்பதனையே பெயராகச் சூட்டிய துணிவு நினைவில் நிறுத்தத் தக்கது. சிறு காசும் சேர்ந்தால் ஒரு சமுதாயத்தின் குரலாகும் என்பதற்கு அவ்விதழே சான்று.

ஆயினும் அக்காலப் பள்ளிகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு குறை இருந்தது. அவை ஆண்டுதோறும் வரும் நன்கொடையை நம்பி நடந்தன. தொடங்கியவர் வாழும் வரை நன்கொடை வரும். அவர் மறைந்தபின் ஆசிரியர் சம்பளத்துக்கே திண்டாட்டம் வரும். மூலதனம் என்று ஒன்று அடியில் இல்லாத பள்ளி, மணலில் நட்ட பந்தற்கால் போன்றது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியை எழுப்பிய அண்ணல் அம்பேத்கர், ஒரு மனிதர் போனாலும் நிலைத்து நிற்கும் அமைப்பாக அதனை ஆக்கியது இக்குறையை உணர்ந்ததனாலேயே எனக் கருதுதல் தகும்.

சலவைத் தொழிலாளியின் பத்து நாணயங்கள்

நான்காவது கதை கடல் கடந்தது. எனினும் நம் வீட்டுக் கதை போன்றது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டீஸ்பர்க் என்னும் ஊரில் வாழ்ந்தவர் ஒசியோலா மெக்கார்ட்டி என்னும் கறுப்பின அம்மையார். 1908இல் பிறந்தவர். நோயுற்ற தம் சிற்றன்னையைப் பேணுவதற்காக ஆறாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டார். பிறர் வீட்டுத் துணிகளைத் துவைத்து, உலர்த்தி, தேய்த்துக் கொடுப்பதே எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் செய்த தொழில். ஈட்டியதில் சிறு சிறு தொகையை வங்கியில் இட்டு வந்தார்.

முதுமை வந்தபோது அவருடைய பணத்தை என்ன செய்வது என்று வங்கி அலுவலர் கேட்டார். விழுக்காட்டுக் கணக்கு அவருக்கு எளிதில் விளங்குமாறு பத்துச் சிறு நாணயங்களை மேசையில் வைத்தார் அலுவலர். ஒவ்வொன்றும் அவர் உடைமையில் பத்தில் ஒரு பங்கு. அம்மையார் ஒரு நாணயத்தைத் தம் திருச்சபைக்கு என்று ஒதுக்கினார். மூன்றை உறவினர் மூவருக்கு ஒதுக்கினார். எஞ்சிய ஆறையும் தம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பயிலும் ஏழை மாணவருக்கு என்று தள்ளி வைத்தார். அந்த ஆறு பங்கின் மதிப்பு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டாலர். 1995இல் இதற்கான அறக்கட்டளை ஆவணத்தில் கையொப்பமிட்டார். தாம் வாழும் வரை தம் செலவுக்குப் பணம் கிடைக்கவும், தமக்குப் பின் அது பல்கலைக்கழகத்தைச் சேரவும் வழி செய்தார். 1999இல் மறைந்தார்.

அவர் பொருள் அளித்த அந்தத் தென் மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் 1965 வரை கறுப்பின மாணவரைச் சேர்த்ததில்லை. அங்குச் சேர முயன்ற கிளைட் கென்னார்ட் என்னும் கறுப்பின இளைஞர்மீது பொய்வழக்குப் புனைந்து 1960இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தனர். நோயுற்ற அவர் 1963இல் மாண்டார். 2006இல்தான் அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது. தம் இனத்துக்குக் கதவடைத்திருந்த அதே கல்விச்சாலைக்கு, கதவு திறந்தபின், தம் வாழ்நாள் உழைப்பை ஒரு சலவைத் தொழிலாளி அளித்தார். வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் தந்த தொழிலும் அதுவே என்பதை எண்ணும்போது, அவ்வம்மையாரை அயலார் என்று கருத நம் மனம் ஒப்புவதில்லை.

நம்மிடம் உள்ளது எது?

இனி, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். வடசென்னையில் உழைக்கும் குடும்பத்துக்கு எழுதி வைக்க என்ன இருக்கிறது?

இப்பகுதி தொழிலால் வளர்ந்தது. 1856இல் இராயபுரம் இரயில் நிலையம் திறந்தது. 1870களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. பின்னர் எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தன. தொழிற்சாலைகள் நிலைத்தவை என்று நாம் நம்பியதுண்டு. ஆயின் நம் முன்னோர் பலர் உழைத்த பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது. வேலையைப் பிள்ளைக்கு விட்டுச் செல்லும் காலம் மறைந்து வருகிறது. விட்டுச் செல்லத்தக்கது கல்வி ஒன்றே.

நிலம் பற்றி நாம் கவனமாக இருத்தல் வேண்டும். தமக்கு உரிமையான சொத்தை மட்டுமே ஒருவர் உயிலால் அளிக்க முடியும். புறம்போக்கில் அமைந்த குடிசைக்கும் பட்டா இல்லாத மனைக்கும் உயில் எழுதுவது வழக்கையே வளர்க்கும். வாரிய ஒதுக்கீட்டு வீடாயின், விற்பனைப் பத்திரம் பெற்றுவிட்டோமா என்பதை முதலில் பார்க்கவேண்டும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் நம்மவருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், பிறருக்கு மாற்றலாகாது என்னும் நிபந்தனை இருந்தும் பெருமளவில் கைமாறிப் போயின. நிபந்தனை ஏட்டில் இருந்தது. அதைக் காக்கும் விழிப்பு இல்லாது போயிற்று. எழுத்தும் விழிப்பும் இரண்டும் வேண்டும் என்பதற்கு அதனினும் கசப்பான சான்று வேண்டுவதில்லை.

நிலம் இல்லாதாரிடமும் வங்கிச் சேமிப்பு, வைப்புநிதி, சிறிதளவு நகை, ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையில் எஞ்சியது ஆகியன இருக்கலாம். தொகை சிறிதாயினும் அதனால் பயன் உண்டு. ஒருவர் 25,000 ரூபாய் வீதம் நாற்பது உறுப்பினர் எழுதி வைத்தால், காலப்போக்கில் சேர்வது பத்து இலட்சம் ரூபாய். ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி என்று கொண்டால் 60,000 ரூபாய் வரும். அதில் கால்பங்கை விலைவாசி உயர்வை ஈடுசெய்ய மீண்டும் மூலதனத்தில் சேர்த்து, எஞ்சிய 45,000 ரூபாயை ஒன்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5,000 ரூபாயாக வழங்கலாம். முதலைத் தொடாதவரை ஆண்டுதோறும் ஒன்பது பிள்ளைகள் பயன்பெறுவர்.

குடும்பத்தின் உரிமை முதலில்

பள்ளிக்கு எழுதுவது என்றவுடன் மனைவி மக்களின் வயிற்றில் அடிப்பதோ என்னும் அச்சம் எழும். அந்த அச்சம் நியாயமானது. முதிய மனைவியைத் தெருவில் விட்டுப் பள்ளிக்கு எழுதி வைப்பது அறமாகாது. அப்படி வரும் கொடையைச் சங்கம் ஏற்பதும் பெருமையன்று. முதலில் துணைவிக்குத் தங்க இடமும் வாழ வழியும். அடுத்து மகனோடு மகளுக்கும் சமபங்கு. அதன்பின் பத்தில் ஒரு பங்கோ இருபதில் ஒரு பங்கோ பள்ளிக்கு. இம்முறையே நம் போன்றோருக்குப் பொருந்தும். மகளுக்குப் பங்கு மறுத்து அதனை மறைக்கப் பள்ளிக்குக் கொடுப்பதும் கல்வியின் பெயரால் செய்யும் தீங்கேயாகும். எழுதுமுன் குடும்பத்தாரைக் கூட்டி வைத்துச் சொல்லிவிடுதல் பிற்கால வழக்கைப் பெரிதும் தவிர்க்கும்.

சட்டம் கூறுவது

இச்சென்னையில் இந்துக்களின் உயிலுக்குக் கையொப்பமும் சாட்சியும் வேண்டும் என்னும் முறையை 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் கொணர்ந்தது. இப்போது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அதனை வகுக்கின்றது. இளைஞர்கள் தம் வீட்டுப் பெரியோருக்கு எடுத்துரைக்க வேண்டியவை இவை:

உயிலை வெள்ளைத்தாளிலேயே எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டுவதில்லை. எழுதுபவர் கையொப்பமிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் இட்டாலும் போதும். எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் கைநாட்டு ஒரு பள்ளியை வாழவைக்கலாம் என்பது எத்துணை உயர்ந்த செய்தி!

குறைந்தது இரண்டு சாட்சிகள் ஒப்பமிடவேண்டும். உயிலால் பயன்பெறுவோர் சாட்சியாக நிற்காதிருப்பதே நலம். ஆதலின் பள்ளியின் நிருவாகிகள் சாட்சிக் கையொப்பம் இடலாகாது.

உயிலைப் பதிவு செய்தல் கட்டாயமன்று. எனினும் பதிவு செய்தல் நன்று. முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. எழுதியவர் வாழும் வரை எத்துணை முறையும் மாற்றலாம். இறுதியாக முறைப்படி எழுதியதே செல்லும்.

வருங்கால வைப்புநிதியில் குடும்பம் உள்ளவர் குடும்பத்தாரை விடுத்துப் பள்ளியை நியமனதாரராகக் குறிக்கவியலாது. ஆயுள் காப்பீட்டில் நியமனதாரர் பணத்தைப் பெறும் கையேயன்றி உடைமையாளர் அல்லர் என 1984இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் பெற்றோர், வாழ்க்கைத்துணை, மக்கள் ஆகியோர் நியமிக்கப்பட்டால் அவர்களுக்கே உரிமை உண்டு. ஆதலின் நியமனப் படிவம் வேறு, உயில் வேறு என்பதை மறத்தல் கூடாது.

இராயபுரத்துக் கிறிஸ்தவ சகோதரர் பலரிடம் பழைய அச்சம் ஒன்று உண்டு. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் அறப்பணிக்கு உயில் எழுதினால், அது இறப்புக்கு 12 மாதம் முன்னரே எழுதப்பட்டு, எழுதிய ஆறு மாதத்திற்குள் முறைப்படி ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 118ஆம் பிரிவு கட்டுப்படுத்தியது. சமத்துவத்துக்கு மாறானது என்று 2003இல் உச்சநீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. அத்தடை இன்று இல்லை.

பள்ளியின் பெயரைப் பேச்சுவழக்கில் எழுதாது, அதனை நடத்தும் சங்கத்தின் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி ஆகியவற்றுடன் எழுதவேண்டும். அச்சங்கம் கலைந்துவிட்டால் பொருள் எந்நோக்கத்துக்குச் செல்லவேண்டும் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடவேண்டும். நிறைவேற்றுநர் ஒருவரையும், அவர் இல்லாவிடில் மாற்று ஒருவரையும் குறித்தல் இன்றியமையாதது. பச்சையப்பர் கதையின் 48 ஆண்டுகளை நினைவிற்கொள்க. வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி எழுதுதல் சிக்கனத்துக்கு மாறானதன்று.

பெறுவோர் கடமை

கொடுப்போர் கடமையை மட்டும் கூறி முடித்தல் நடுவுநிலையாகாது. இறந்தவர் வந்து கணக்குக் கேட்கமாட்டார். ஆதலாலேயே அவர் பணம் எல்லாப் பணத்திலும் கடுமையான கணக்குக்கு உரியது. உயிற்கொடைகளைச் சங்கத்தின் அன்றாடச் செலவோடு கலவாது தனிக் கணக்கில் வைத்தல் வேண்டும். முதலைத் தொடலாகாது. ஆண்டுக் கூட்டத்தில் எவர் கொடையில் எந்தப் பிள்ளை பயின்றது என்று படித்துக் காட்டுதல் வேண்டும். கொடையாளரின் சொந்தப் பேரனாயினும் தகுதியும் தேவையும் பார்த்தே உதவி வழங்கல் வேண்டும்.

அறக்கட்டளைப் பொருள் தவறான வழியில் செல்லுமாயின், அதில் அக்கறையுள்ள இருவர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குத் தொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு வழிவகுக்கிறது. அரசுத் தலைமை வழக்கறிஞரும் தாமே வழக்குத் தொடுக்கலாம். அன்று பச்சையப்பரின் பொருளை மீட்க ஆங்கிலேய வழக்கறிஞர் வரவேண்டியிருந்தது. இன்று நம் குடியிருப்பிலேயே சட்டம் பயின்ற பிள்ளைகள் உள்ளனர். அந்த இருவர் நம் இளைஞருள் இருவராக இருத்தல் வேண்டும். அவர்கள் விழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தாலே வழக்குக்கு இடமிராது.

முடிவாக

கையொப்பமிடாத உயிலால் ஒரு கல்லூரி 500 பவுனை இழந்தது. காவலில்லாத உயிலால் ஒரு நகரம் 48 ஆண்டுக் கல்வியை இழந்தது. யாருக்கு என்று தெளிவுறாத கொடையால் நம் முன்னோர் பள்ளிவாயிலில் நின்று திரும்பினர். பத்து நாணயங்களைத் தெளிவாகப் பிரித்து வைத்த ஒரு சலவைத் தொழிலாளியின் கொடையோ இன்றும் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. செல்வத்தின் அளவு இவற்றின் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தெளிவும் காலமறிந்து செய்தலுமே தீர்மானித்தன.

நமக்கு நிலம் விட்டுச் செல்லும் தந்தையர் இருந்ததில்லை. அவர்கள் விட்டுச் சென்றது நாம் படிக்கவேண்டும் என்னும் வேட்கை ஒன்றே. அதனை எந்த உயிலிலும் எழுதாமலே விட்டுச் சென்றனர். அந்த வேட்கைக்கு இன்று நம்மால் ஒரு தாளும், இரண்டு சாட்சிகளும், ஒரு கையொப்பமும் அளிக்க முடியும். இம்மலரைப் படித்து முடிக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெரியவர் அருகில் அமர்ந்து, இதிலுள்ள செய்தியை உரக்கப் படித்துக் காட்டுவாராக. எழுத விரும்புவோர் எழுதுக; விரும்பாதோர்மேல் வருத்தம் வேண்டா. சங்கத்தின் பொன்விழா மலர் வெளிவரும் நாளில், கணக்கேட்டின் வெறுமையான அப்பகுதியில் பத்துப் பெயர்களேனும் இடம்பெற்றிருக்குமாயின், இக்கட்டுரை எழுதப்பட்ட பயன் நிறைவேறியதாகும்.

கல்வி வாழ்க! சமுதாயம் ஓங்குக!